சவரம் செய்த பின்னும் நிற்கும் கருநிழல்: முடியா, தோலா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எவ்வளவு கவனமாகச் சவரம் செய்தாலும் தாடையிலும் மீசைப் பகுதியிலும் சாம்பல் பூத்ததுபோல் ஒரு கருமை தெரிகிறது. அக்குளிலும் அப்படியே. பிளேடை மாற்றிப் பார்த்தேன். ஒரே இடத்தை மூன்று நான்கு முறை இழுத்தும் பார்த்தேன். எரிச்சல்தான் மிஞ்சுகிறது, கருமை போவதில்லை. என்ன செய்வது?"

நான்கு முறை இழுத்தும் போகவில்லை என்று நீங்கள் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. பிளேடு எட்டக்கூடிய இடத்தில் அந்தக் கருமை இல்லை. சவரம் என்பது முடியைத் தோலின் மட்டத்தில் வெட்டுவது மட்டுமே; மயிர்க்காலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும் மீதி முடி, அதன் கருத்த வேர்க்கிழங்கோடு, அப்படியே உள்ளே நிற்கிறது. தோலின் மேலடுக்குகள் ஒளியை முழுவதுமாக மறைப்பவை அல்ல, பனிமூட்டக் கண்ணாடியைப் போல ஓரளவு உள்ளே விடுபவை. ஆகவே உள்ளிருக்கும் கருமுடிகள் ஒவ்வொன்றும் ஒரு மங்கலான புள்ளியாகத் தெரிகின்றன. தாடையில் அவை நெருக்கமாக இருப்பதால் புள்ளிகள் கலந்து ஒரே நிழலாகிவிடுகின்றன.

அந்த நிழல் கறுப்பாக இல்லாமல் நீலச் சாயலோடு இருப்பதற்கும் காரணம் உண்டு. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகச் சென்று முடியிலுள்ள மெலனின் என்ற கருநிறமியால் உறிஞ்சப்படுகிறது. நீல ஒளியோ அவ்வளவு ஆழம் போகாமல் மேலடுக்குகளிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. பச்சை குத்தும்போது தோலின் ஆழத்தில் இறக்கிய கறுப்பு மை நாளடைவில் நீலம் பாய்ந்ததுபோல் தெரிவதும் இந்தக் காரணத்தினால்தான். வெளுத்த தோலும் கறுத்த முடியும் உள்ளவர்களுக்கு இந்த நீலம் துலக்கமாகத் தெரியும். மாநிறத் தோலில் அது சாம்பலாகவோ சற்றுப் பச்சை கலந்த சாம்பலாகவோ மாறும். நல்ல கருந்தோலில் முடியின் நிழல் அதிகம் தெரியாது, ஆனால் அங்கே வேறொரு கருமை வந்து சேர்கிறது: தோலே கறுத்துப் போவது.

முடியின் கருமை, தோலின் கருமை என்ற இந்த இரண்டையும் முதலில் பிரித்து அறியாமல் எதைச் செய்தாலும் பலன் இருக்காது என்பதே என் உறுதியான கருத்து. முடியின் நிழலுக்குத் தோலை வெளுக்கும் களிம்பு பூசுகிறவர்களும், கறுத்துப்போன தோலை மீண்டும் மீண்டும் மழிக்கிறவர்களும் மாதக்கணக்கில் உழைத்துத் தங்கள் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

பிரித்து அறிவது கடினமன்று. கருமை உள்ள பகுதியில், எரிச்சலோ பருவோ இல்லாத ஓரிடத்தில், சட்டைப் பொத்தான் அளவு பரப்பைத் தேர்ந்தெடுத்து, முடி பிடிபடும் அளவுக்கு வளர்ந்ததும் அங்குள்ள முடிகளை மட்டும் சுத்தமான இடுக்கியால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். சிவப்பு அடங்க இரண்டு நாள் பொறுத்து, பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பாருங்கள். அந்தப் பொத்தான் வட்டம் மட்டும் தெளிந்து, சுற்றிலும் நிழல் இருந்தால், உங்கள் சிக்கல் முடி. வட்டமும் சுற்றுப்புறமும் ஒரே நிறமாக இருந்தால், சிக்கல் தோலில். ஓரளவு தெளிந்து ஒரு பழுப்பு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. மாநிறத்தவரிடம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சுருள்முடிக்காரர்கள் மட்டும் இந்தச் சோதனையைத் தவிர்க்கலாம், பிடுங்கிய முடி மீண்டும் வளரும்போது தோலுக்குள்ளேயே மடங்கிக் கட்டியாகும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். அவர்கள் இரண்டு வாரம் மழிக்காமல் இருந்துவிட்டு, வளர்ந்த முடிகளுக்கு இடைப்பட்ட தோல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு அது எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். மழித்தால் முடி தடித்து, கறுத்து வளரும் என்பது உண்மையன்று. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் இதைச் சோதித்து, சவரத்தால் முடியின் தடிப்போ நிறமோ வளரும் வேகமோ மாறவில்லை என்று காட்டினார். 1970-இல் ஒரு காலை மட்டும் பல மாதங்கள் வாரந்தோறும் மழித்து மறுகாலோடு ஒப்பிட்ட ஆய்விலும் வேறுபாடு காணப்படவில்லை. இயல்பாக வளர்ந்த முடியின் நுனி ஊசிபோல் கூர்ந்திருக்கும். மழித்த முடி, தண்டின் பருமன் முழுவதும் தெரியும்படி மொட்டையாக நிற்கும். அதனால்தான் அது தொடுவதற்குச் சொரசொரப்பாகவும் பார்வைக்குக் கறுப்பாகவும் இருக்கிறது.

உங்கள் சிக்கல் முடிதான் என்று வைத்துக்கொண்டு பேசுவோம். தாடி முடி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. காலையில் மழித்தது மாலைக்குள் மில்லிமீட்டரில் ஒன்றிரண்டு பத்தில் பங்கு வெளியே வந்துவிடும். ஆகவே மாலையில் தெரியும் நிழலில் ஒரு பங்கு புதிதாக முளைத்த நுனி, மறுபங்கு காலையிலேயே உள்ளே இருந்தது. சவர முறையைத் திருத்துவதால் முதல் பங்கைச் சில மணி நேரம் தள்ளிப்போடலாம். இரண்டாவதை எந்த ரேசராலும் தொட முடியாது. பிளேடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பல பிளேடு ரேசர் எப்படி அவ்வளவு மழுமழுப்பாகச் சவரம் செய்கிறது என்று தெரிந்தால் அதனால் வரும் கேடும் புரியும். முதல் பிளேடு முடியை வெட்டும்போதே சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே சுருங்கித் திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டுகிறது. பிறகு முடி தோல் மட்டத்துக்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. நேரான, மெல்லிய முடி உள்ளவருக்கு இது நன்மை: நிழல் சில மணி நேரம் தாமதமாக வரும். சுருண்ட முடி உள்ளவருக்கோ, கூராகச் சாய்வாய் வெட்டப்பட்ட அந்த நுனி வெளியே வரும் வழியைத் தவறவிட்டு மயிர்க்காலின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு தோலுக்குள் வளரும். அல்லது வெளியே வந்து வளைந்து மறுபடி தோலைத் துளைக்கும். அதனால் கொப்புளம் வரும், கொப்புளம் ஆறிய இடம் கறுக்கும். முடியின் நிழலைப் போக்கப் போய்த் தோலின் கருமையைத் தேடிக்கொள்வதற்கு இதைவிட நேரான வழி இல்லை. தோலை விரலால் இறுக்கி இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் மழிப்பதும் இதே விளைவைத் தரும்.

ஆகவே சவரத்தில் செய்யத்தக்கவை சிலவே. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் முடியை ஊறவிடுங்கள். நீரை உறிஞ்சிய முடியை வெட்ட மிகக் குறைந்த விசை போதும், குளித்த உடனே மழிப்பது எளிதாக இருப்பதன் காரணம் இதுதான். வழுக்கும் தன்மையுள்ள ஜெல்லோ கிரீமோ பூசி, கூர் மழுங்காத பிளேடால், முடி படிந்திருக்கும் திசையிலேயே அழுத்தாமல் ஒரு முறை இழுங்கள். கழுத்தில் முடி ஒரே திசையில் படியாது, சிலருக்குச் சுழியாகவே இருக்கும். விரலால் தடவிப் பார்த்து ஒருமுறை திசைகளை அறிந்துகொள்வது நல்லது. இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் மீண்டும் நுரை பூசிப் பக்கவாட்டில் ஒரு முறை. எதிர்த்திசை இழுப்பு, கொப்புளம் வராத தோலுக்கு மட்டும். கொப்புளம் வழக்கமாகவே வருகிறவர்கள் ரேசரை விட்டு, அரை மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டு வெட்டும் டிரிம்மருக்கு மாறுவதே அறிவுடைமை. நிழல் சற்றுக் கூடுதலாகத் தெரியும், ஆனால் தோல் தெளியும்.

முடி நீக்கும் கிரீம்கள் பிளேடை விட ஒரு படி மேலே போகின்றன. அவற்றிலுள்ள தயோகிளைகோலேட் உப்பு, முடியின் கெரட்டின் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, மயிர்க்காலின் வாயிலில் தோல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரைக்கும் முடியைக் கரைத்துவிடுகிறது. நிழல் ஓரளவு குறையும். மீண்டும் வரும் முடியின் நுனியும் மழித்த முடியைப் போல் மொட்டையாக இருக்காது. ஆனால் அவை கடுங்காரத்தன்மை உடையவை. தோலின் புரதமும் கெரட்டின்தான் என்பதை அவை அறியா. முதல் நாள் முன்கையில் சிறிது பூசிச் சோதித்துவிட்டு, உறையில் சொன்ன நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விடாமல் கழுவ வேண்டும். முகத்துக்கென்று குறிப்பிட்ட வகையைத் தவிர வேறொன்றை முகத்தில் பூசக் கூடாது.

வேரோடு எடுக்கும் முறைகளே நிழலை உண்மையில் அகற்றுகின்றன: இடுக்கி, நூலால் எடுக்கும் திரெடிங், வேக்சிங், எபிலேட்டர். உள்ளே ஒன்றும் இல்லாததால் சில வாரங்களுக்கு நிழலே தெரியாது. கால், கை, பெண்களின் மேலுதடு ஆகியவற்றுக்கு இவை பொருந்தும். ஆண்களின் அடர்ந்த தாடிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வலி ஒருபுறம் இருக்க, உள்மடங்கும் முடிகள் பெருகிவிடும். வைட்டமின் ஏ வகையான ரெட்டினாய்டு களிம்பு பூசுகிறவர்களும், பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை உட்கொள்கிறவர்களும் அதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகாதவர்களும் வேக்சிங் பக்கமே போகக் கூடாது. மெழுகோடு மேல்தோலும் உரிந்து வரும்.

நிலையான தீர்வை நாடுகிறவர்கள் கேட்பது லேசரைப் பற்றி. 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு மருத்துவ அறிஞர்கள் முன்வைத்த கோட்பாடுதான் இதன் அடிப்படை: ஒரு குறிப்பிட்ட நிறமி மட்டும் உறிஞ்சக்கூடிய அலைநீளத்தில், அது சூடாறுவதற்குள் முடிந்துவிடும் குறுகிய துடிப்பாக ஒளியைப் பாய்ச்சினால், அந்த நிறமியுள்ள இடம் மட்டும் வெந்து, சுற்றியுள்ள திசு தப்பிக்கும். முடியின் மெலனின் இங்கே இலக்கு. தோலிலும் மெலனின் இருப்பதுதான் சங்கடம். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர்தோலுக்கு மிக நன்றாக வேலை செய்யும், கருந்தோலைச் சுட்டுவிடக்கூடும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மேல்தோலின் மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அதுவே பாதுகாப்பானது. ஏறத்தாழ 800 நானோமீட்டரில் இயங்கும் டையோடு லேசர் இரண்டுக்கும் நடுவே. எந்த இயந்திரம் என்று கேட்காமல் படுக்கையில் போய்ப் படுக்காதீர்கள். ஒளித் துடிப்பால் முடியைக் குறைக்கும், வீட்டில் பயன்படுத்தும் ஐபிஎல் கருவிகள் பெரும்பாலும் கருந்தோலுக்கு ஏற்றவை அல்ல. உறையிலுள்ள தோல்நிற அட்டவணையை விளம்பரத்தைவிட அதிகமாக நம்பலாம்.

முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்பருவத்தில் இருப்பதில்லை, வளர்பருவத்து முடியே லேசருக்கு நன்றாக வசப்படும் என்பதால், முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு அல்லது எட்டு அமர்வுகள் வழக்கம். அதற்கு முந்தைய சில வாரங்கள் முடியைப் பிடுங்கவோ வேக்ஸ் செய்யவோ கூடாது, இலக்கு உள்ளே இருந்தால்தானே சுட முடியும். மழிக்கலாம், மழித்துவிட்டே போக வேண்டும். அமர்வு முடிந்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில் நிழல் குறையாமல், புள்ளிகள் இன்னும் கறுத்துத் தெரிவதைக் கண்டு பலர் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். வெந்த முடி மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படுவதே அது. உதிர்ந்த பிறகுதான் தெளிவு தெரியும். கிடைப்பது நெடுநாள் குறைப்பே தவிர முற்றான நீக்கம் அன்று. முடியின் எண்ணிக்கையும் பருமனும் குறைந்தாலே நிழல் பெருமளவு மங்கிவிடும். நரைமுடிக்கும் செம்பட்டை முடிக்கும் லேசர் உதவாது. அரிதாக, குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், பூனைமுடி தூண்டப்பட்டுத் தடித்து வளர்வதும் உண்டு. ஆகவே கன்னத்திலுள்ள மென்முடிக்கு லேசர் வைக்க வேண்டாம் என்பேன்.

எலக்ட்ராலிசிஸ் இன்னும் பழையது. இமைமுடி உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்தும் நோயாளிகளுக்காக 1875-இல் சார்ல்ஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் அதைக் கையாண்டார். மயிர்க்கால் ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரத்தால் வேரை அழிப்பதால் முடியின் நிறமோ தோலின் நிறமோ அதற்கு ஒரு பொருட்டில்லை, அழிந்த மயிர்க்கால் திரும்புவதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டும்: முழுத் தாடிக்கு அது நூறு மணி நேரத்தையும் தாண்டிப் பல மாதங்கள் நீளும். முகமுடியை அறவே நீக்க விரும்பும் திருநங்கையர் பலர் முதலில் லேசரால் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டு, மிஞ்சிய முடிகளுக்கும் நரைமுடிகளுக்கும் எலக்ட்ராலிசிஸ் செய்துகொள்வது இந்தக் கணக்கினால்தான். பெண்களின் முகமுடிக்கென எஃப்லோர்னிதின் 13.9 விழுக்காடு என்ற மருந்துக் களிம்பும் உண்டு. அது முடியை நீக்காது, வளர்ச்சியை மந்தப்படுத்தும், நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பழைய நிலை திரும்பும்.

இனித் தோலின் கருமை. உரசல், வெட்டு, கொப்புளம், ஒவ்வாமை என்று எந்த அழற்சிக்குப் பிறகும் மாநிறத் தோல் கூடுதலாக மெலனினை உற்பத்தி செய்து கறை வைத்துக்கொள்ளும். மேலடுக்கில் தங்கிய கறை பழுப்பு நிறமாக இருந்து சில மாதங்களில் மங்கும். ஆழத்துக்கு இறங்கியது, முடியின் நிழலைப் போலவே நீலச் சாம்பலாகத் தெரிந்து, ஆண்டுக்கணக்கில் நிற்கும். காரணத்தை நிறுத்தாமல் கறையைத் துடைக்க முடியாது என்பதால், முதல் வேலை சவர முறையைத் திருத்துவது அல்லது சில வாரம் நிறுத்திவைப்பது. இரண்டாவது, முகமானால், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயலுள்ள வகை கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் மாநிறத்தவர்க்கு அதுவே மேல். இவை இரண்டும் இல்லாமல் வாங்கும் களிம்பு எதுவும் வீண்.

களிம்புகளில் என் முதல் தேர்வு அசெலாயிக் அமிலம். 15 முதல் 20 விழுக்காட்டில் அது நிறமியையும் குறைக்கும், மயிர்க்கால் அழற்சியையும் தணிக்கும். நயாசினமைடு மென்மையானது, மெதுவானது. சாலிசிலிக், கிளைகோலிக் அமிலங்கள் மயிர்க்கால் வாயை அடைக்கும் இறந்த செல்களை நீக்குவதால், கால்களில் குத்துப்புள்ளிகளாகத் தெரியும் கருமைக்கு ஏற்றவை. ஆனால் மழித்த அன்றைக்கே பூசினால் எரியும், எரிந்தால் இன்னும் கறுக்கும். அடாபலின், ஹைட்ரோகுவினோன் ஆகியவை மருத்துவர் பார்வையில் மட்டும். கருவுற்றவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். படிகாரம் சிறு வெட்டின் இரத்தத்தை நிறுத்தும், நிறத்தை மாற்றாது. எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். வெளுக்கும் களிம்பு என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பவற்றைத் தொடவே வேண்டாம்: நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்து, முகத்தில் முடி கூடுதலாக வளரும். நிழலைப் போக்க வந்தவருக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

அக்குளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே முடியின் நிழலோடு, துணி உரசலும் டியோடரண்ட் நறுமணப் பொருளின் ஒவ்வாமையும் சேர்கின்றன. இரண்டு மூன்று வாரம் டியோடரண்டை நிறுத்திப் பார்ப்பது எளிய சோதனை. தோல் கறுத்ததோடு வெல்வெட் துணிபோல் தடித்து மடிப்புகளோடு இருந்தால், பிடரியிலும் அப்படி இருந்தால், அது சவரத்தின் விளைவே அன்று. அகான்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்ற அந்த மாற்றம் பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. களிம்பை விட்டுவிட்டு இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுபோலப் பெண்களுக்குத் தாடையிலோ மார்பிலோ புதிதாகத் தடித்த முடி வளர்ந்து, மாதவிடாயும் தவறினால் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி போன்றவற்றை மருத்துவர் ஆராய வேண்டும். குரல் தடித்து, சில மாதங்களுக்குள் வேகமாக முடி பெருகினால் காத்திருக்கவே கூடாது.

ஒரு நிகழ்ச்சிக்காக ஒருநாள் மட்டும் மறைத்தால் போதுமென்றால் ஒப்பனையே போதும், ஆனால் தோல்நிறப் பூச்சை மட்டும் பூசினால் நீலத்தின் மேல் அது சாம்பலாகத்தான் படியும். 1960 செப்டம்பர் 26-ஆம் நாள் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் கென்னடியுடன் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்த வேட்பாளர் நிக்சன், தாடி நிழலை மறைக்க 'லேசி ஷேவ்' என்ற ஒப்பனைப் பொருளைப் பூசிக்கொண்டு வந்து, விளக்குச் சூட்டில் வியர்த்து, வாடிய முகத்தோடு காட்சியளித்த கதையை உலகமே அறியும். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு. எனவே சவரம் முடித்துத் தோல் அடங்கிய பிறகு, வெளிர்தோலுக்குப் பீச் நிறத்திலும், மாநிறத்துக்கு ஆரஞ்சிலும், கருந்தோலுக்குச் செம்மை மிகுந்த ஆரஞ்சிலும் கிடைக்கும் நிறத்திருத்தியை, நிழல் உள்ள இடத்தில் மட்டும், தேய்க்காமல் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி மெல்லிய படலமாகப் பதியுங்கள். அதன்மேல் நிறமில்லாத பவுடரைச் சிறிது தூவி நிலைக்கவிட்டு, பிறகே உங்கள் தோல்நிறப் பூச்சை இடுங்கள். ஆரஞ்சு வெளியே தெரிந்தால் திருத்தியைக் கூடுதலாகப் பூசிவிட்டீர்கள் என்று பொருள். மேற்பூச்சைத் தடிப்பாக்காமல் திருத்தியைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.